ஆமைக்குத் தர வேண்டிய வெயில்

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். அமீனா என்றால் ஜப்தி செய்ய வருகிற கோர்ட் சிப்பந்தி. பழமொழியில் வருவது நிஜ ஆமையா, ஆம்பி என்கிற காளானா என்று வாட்ஸப்பில் ஒரு பட்டிமன்றம் அடிக்கடி நடக்கும். அதில் எனக்கு அக்கறை இல்லை. தாம்பரத்திலிருந்து வண்டலூர் வரை, மேடவாக்கத்திலிருந்து நாவலூர் வரை எழுந்து நிற்கிற அடுக்ககங்களில் இந்தப் பழமொழி தலைகீழாகிவிட்டது என்பதுதான் என் கவலை. அங்கே ஆமை புகுந்த வீட்டுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஈஎம்ஐ ஒழுங்காகக் கட்டப்படுகிறது, பிள்ளைகள் பாஸாகிறார்கள். புகுந்த ஆமைதான் உருப்படுவதில்லை.

ஆமை வளர்ப்பவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே காரணத்தைச் சொல்வார்கள்: "லோ மெயின்டனன்ஸ் சார்." நாய் குரைக்கும், அசோசியேஷனிலிருந்து நோட்டீஸ் வரும். பூனை சோபாவைக் கீறும். ஆமை ஒன்றும் செய்யாது. இரண்டு கீரைத் தண்டு, ஒரு தட்டு தண்ணீர், ஒரு கண்ணாடித் தொட்டி. ஊருக்குப் போனால் நாலு நாள் விட்டுவிட்டுக்கூடப் போகலாம். பராமரிப்பு குறைவு என்று இவர்கள் சொல்வதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு: அந்த உயிர் புகார் செய்யாது. புகார் வராத காரணத்தாலேயே சிஸ்டம் ஒழுங்காக ஓடுகிறது என்று எந்த மென்பொருள்காரராவது சொன்னால் அவரை வேலையில் வைத்திருப்போமா? வீட்டுக்குள் இருக்கிற உயிருக்கு மட்டும் அந்த நியாயம் போதும் என்கிறோம்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஆமைக்கு ஒளி என்பது தீனி. கீரை எப்படியோ, தண்ணீர் எப்படியோ, அப்படி. அதைக் கொடுக்காமல் வீட்டுக்குள் வைத்திருப்பது பட்டினி போடுவது. பட்டினி என்ற சொல்லைத் தெரிந்தேதான் பயன்படுத்துகிறேன்.

காரணம் எளிது. ஆமையின் ஓடு அதன் மேல் வைத்த மூடி இல்லை. முதுகெலும்பும் விலா எலும்புகளும் விரிந்து ஒட்டிச் சேர்ந்ததுதான் ஓடு. அதாவது ஆமை என்பது நடக்கிற எலும்புக்கூடு. அந்த எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். சாப்பாட்டில் உள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்ச வைட்டமின் டி3 வேண்டும். அந்த டி3 தோலில் தயாராகிறது. சூரிய ஒளியில் 280 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளம் உள்ள புற ஊதாக் கதிர், கடைக்காரர் மொழியில் யூவிபி, தோலிலுள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருளைத் தாக்கி டி3-இன் முன்வடிவத்தை உண்டாக்குகிறது. உடல் சூட்டில் அது மெல்ல டி3 ஆகிறது. பிறகு கல்லீரலும் சிறுநீரகமும் அதைப் பயன்படும் வடிவத்துக்கு மாற்றுகின்றன. கதிர் இருந்து சூடு இல்லாவிட்டாலும் வேலை நடக்காது. அதனால் ஏசி போட்ட படுக்கையறையில் விளக்கை மட்டும் மாட்டிவிட்டுத் திருப்திப்படுகிறவர்களும் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறார்கள்.

கதிர் கிடைக்காத ஆமை உடனே சாவதில்லை. அதுதான் கொடுமை. இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயமும் தசையும் நின்றுவிடும் என்பதால், உடல் எலும்பிலிருந்து உருவி இரத்தத்துக்குக் கொடுக்கும். வீட்டுச் செங்கல்லைப் பெயர்த்து விற்று உலை வைக்கிற குடும்பம் போல. வெளியிலிருந்து பார்த்தால் அடுப்பு எரிகிறது, எல்லாம் நன்றாக இருக்கிறது. மாதங்கள் கழித்து ஓடு விரலால் அழுத்தினால் அமுங்கும், தாடை வளையும், பின்னங்கால்கள் உடலைத் தூக்க முடியாமல் தரையில் இழுபடும். "முன்னாடியெல்லாம் ஹால் ஃபுல்லா சுத்தும், இப்போ சமத்தா ஒரே இடத்துல இருக்கு" என்று ஒரு வீட்டில் பெருமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது சமத்து இல்லை. அதனால் நடக்க முடியவில்லை.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1919-இல் பெர்லினில் குர்ட் ஹுல்ட்சின்ஸ்கி என்ற மருத்துவர், ரிக்கெட்ஸ் நோயால் கால் வளைந்த குழந்தைகளைப் பாதரச ஆவி விளக்கின் முன் உட்கார வைத்துக் குணப்படுத்தினார். அந்த விளக்கைக் குவார்ட்ஸில் செய்திருந்தார்கள். சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரை விழுங்கிவிடும் என்பது அப்போதே தெரியும். நூறு ஆண்டுகள் கழித்து, ஜெர்மனியின் குளிர்காலமே எட்டிப் பார்க்காத ஊரில், யூபிவிசி ஜன்னலை இழுத்துச் சாத்திவிட்டு, அதன் பின்னால் ஓர் உயிருக்கு அதே ரிக்கெட்ஸை வளர்த்துக்கொண்டிருக்கிறோம்.

தாம்பரம் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 பாகையில். இங்கே சித்திரை மாத நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டும். உலக சுகாதார அமைப்பின் அட்டவணையில் அதற்கு மேல் வகையே கிடையாது. மேகமில்லாத மார்கழி நண்பகல்கூட லண்டனின் நடுக்கோடைக்குக் குறைந்ததல்ல. வெயிலைத் திட்டித் திட்டியே நாம் வளர்ந்தோம். அந்த வெயில் ஒரு சதுர அடிகூட விழாத வீடுகளைத்தான் கடன் வாங்கிக் கட்டியிருக்கிறோம். பக்கத்து பிளாக்கின் சுவர் பத்தடியில். பால்கனியில் கண்ணாடி அடைப்பு. மொட்டை மாடிக்குப் பூட்டு, சாவி செக்ரட்டரியிடம். இந்த வீடுகளில் மனிதர்களே வாரம் ஒருமுறை 60,000 யூனிட் வைட்டமின் டி பொடியைப் பாலில் கலந்து குடிக்கிறார்கள். நமக்கு டாக்டர் எழுதித் தருகிறார். தொட்டியில் கிடப்பதற்கு யார் எழுதித் தருவது?

இதைச் சொன்னால் வரும் பதில்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

"எங்க வீட்ல நல்ல வெளிச்சம் வரும்." வெளிச்சம் வரும், யூவிபி வராது. கண்ணுக்குத் தெரிகிற ஒளி கண்ணாடியைத் தாண்டும், யூவிபியை ஜன்னல் கண்ணாடி ஏறத்தாழ முழுவதுமாக நிறுத்திவிடும். எல்ஈடி பல்பு எத்தனை பளிச்சென்று எரிந்தாலும் அதில் இந்தக் கதிர் இல்லை. இந்த விஷயத்தில் மனிதக் கண் எதற்கும் சாட்சி சொல்ல முடியாது.

"காலைல ஆறரைக்கு இளவெயில்ல விடுறேன்." இளவெயில் இதமானது. ஆனால் சூரியன் தொடுவானத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது ஒளி நீண்ட தூரம் காற்று மண்டலத்தைக் கடந்து வருகிறது. ஓசோன் யூவிபியை வழியிலேயே பிடித்துக்கொள்கிறது. நம் ஊரில் எட்டரை மணி வாக்கில்தான் குறியீடு உருப்படியாக ஏறத் தொடங்கும்.

"கால்சியம் பவுடர் தூவுறேனே." டி3 இல்லாமல் கால்சியம் குடல் வழியே போய்ச் சேரும், எலும்புக்குப் போகாது. டி3 கலந்த பவுடர் என்றால் அளவு பிரச்சினை. வெயிலில் தோல் தேவைக்கு மேல் தயாரிக்காது, மிஞ்சுவதை வேறு பொருளாக மாற்றிவிடும். வாய் வழியே போகிற டி3-க்கு அப்படி ஒரு பூட்டு இல்லை. கூடிப்போனால் சிறுநீரகத்திலும் இரத்தக் குழாயிலும் சுண்ணாம்பு படியும்.

"அஞ்சு வருஷமா நல்லாத்தானே இருக்கு." ஆமையின் ஆயுள் பல பத்தாண்டுகள். அதற்கு ஐந்து வருடம் என்பது பால்ய காலம். மெதுவாக வாழ்கிற உயிர் மெதுவாகத்தான் சாகும். அந்த மெதுவைத்தான் நாம் நலம் என்று படித்துக்கொள்கிறோம்.

"நாங்க அவ்ளோ பாசமா பாத்துக்கிறோம்." நம்புகிறேன். பாசம் எலும்பில் சேராது.

சரி, விளக்கு வாங்கிவிடலாம் என்று கிளம்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. "யூவி லைட்" என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு பொருள்கள் விற்பனைக்கு இருக்கின்றன. கொசுப்பொறியிலும் பார்ட்டி ஹாலிலும் எரிகிற ஊதா விளக்கு யூவிஏ, டி3-க்குப் பயன்படாது. மீன்தொட்டித் தண்ணீரைச் சுத்திகரிக்கும் விளக்கு யூவிசி, ஆமைக்கு மேல் தொங்கவிட்டால் கண்ணைக் கெடுக்கும், உங்கள் கண்ணையும் சேர்த்து. ஊர்வனவற்றுக்கென்றே செய்த யூவிபி குழல்விளக்கு மூன்றாவது. வேண்டியது அதுதான்.

அதை மாட்டுவதிலும் பொறியியல் இருக்கிறது. டி5 வகைக் குழல்விளக்கு, ஆமை இருக்கும் இடத்தின் பாதி நீளத்துக்காவது. பக்கவாட்டில் கூடாது, மேலிருந்துதான் விழ வேண்டும், ஏனென்றால் எந்த ஆமையின் கண்ணும் பக்கவாட்டுச் சூரியனுக்காக உண்டானதல்ல. நடுவில் கண்ணாடி, பிளாஸ்டிக் எதுவும் கூடாது. கம்பி வலைகூடக் கணிசமாகத் தின்றுவிடும். சூடு தரும் விளக்கும் இதுவும் ஒரே இடத்தில் விழ வேண்டும். மறுமுனையில் முழு நிழல் வேண்டும், எவ்வளவு வேண்டும் என்பதை ஆமையே தீர்மானிக்கட்டும். பகலில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம், இரவில் இருட்டு.

2010-இல் கேரி ஃபெர்குசனும் சக ஆய்வாளர்களும் பல்லிகளும் பாம்புகளும் தங்கள் இயற்கை வாழிடத்தில் எவ்வளவு புற ஊதாவைத் தாமாகத் தேடிப் போகின்றன என்று அளந்து, அவற்றை நான்கு மண்டலங்களாகப் பிரித்தார்கள். 2016-இல் ஃபிரான்சிஸ் பெய்ன்ஸ் குழு அதை மற்ற ஊர்வனவற்றுக்கும் விரித்தது. வெயில் காயும் ஆமைக்கு ஓட்டின் உயரத்தில் குறியீடு 3 முதல் 4 வரை இருப்பது பொதுவான இலக்கு. சோலார்மீட்டர் என்ற கையடக்கக் கருவி இதை நேராகக் காட்டும். விலை அதிகம்தான். நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றுக்கு விடலாம். அளக்காமல் இதில் எதையும் நம்ப முடியாது, ஏனென்றால் குழல்விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், யூவிபி மட்டும் தீர்ந்திருக்கும். பெட்டியில் போட்டிருக்கும் காலக்கெடு, ஆறு மாதமோ ஒரு வருடமோ, முடிந்ததும் மாற்ற வேண்டும். "இன்னும் எரியுதே" என்பது காலியான சிலிண்டரைத் தட்டிப் பார்த்து "இன்னும் இருக்கு" என்பது போல.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் ஓர் ஆமைக்கு இந்த வாதம் எதுவும் பொருந்தாது. அது நட்சத்திர ஆமை. நம் புதர்க்காடுகளின் பிறவி. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் நான்காம் அட்டவணையில் இருந்த அதை 2022 திருத்தம் முதல் அட்டவணைக்கு ஏற்றிவிட்டது, 2023 ஏப்ரல் முதல் அது நடப்பில் இருக்கிறது. முதல் அட்டவணை விலங்கு தொடர்பான குற்றத்துக்குக் குறைந்தது மூன்றாண்டு சிறை. சர்வதேச வணிகத்தையும் சைட்ஸ் மாநாடு 2019-இல் தடைசெய்துவிட்டது. 2015-இல் நீல் டிக்ரூஸும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவின் ஒரே ஒரு வணிக மையத்தின் வழியாக மட்டும் ஓராண்டில் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் காட்டிலிருந்து அள்ளப்பட்டதாகக் கணக்கிட்டது. மீனம்பாக்கம் விமான நிலையத்தில் சுங்கத் துறை பெட்டிகளைத் திறந்து ஆமைகளை எண்ணுகிற செய்தியை நாம் ஆண்டுதோறும் படிக்கிறோம். நம் ஆமை வெளியே போகிறது, சிவப்புக் காது ஆமை உள்ளே வருகிறது, இரண்டும் டேப் சுற்றிய துணிக்குள். "சித்தப்பா ஊர்ல வயல்ல கிடைச்சுது" என்று வீட்டில் நட்சத்திர ஆமை வைத்திருப்பவர் இந்த வணிகத்துக்கு வெளியே நிற்பதாக நினைத்துக்கொள்கிறார். காட்டுக்குப் போய்ச் சேர வேண்டிய ஓர் ஆமை குறைந்தது குறைந்ததுதான். அதற்கு எந்த விளக்கும் பரிகாரம் ஆகாது. வனத் துறையிடம் ஒப்படைக்க வேண்டும்.

சல்காட்டா மாதிரி அயல்நாட்டு ஆமை என்றால், 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டும். உள்ளங்கையில் அடங்குகிற அந்தக் குட்டி வளர்ந்து 40 கிலோவைத் தாண்டும் என்பதையும் யோசிக்க வேண்டும். டூ பெட்ரூம் வீட்டில் அது எந்த பெட்ரூமில் இருக்கும்?

வைத்திருக்க முடியவில்லை என்றால் சேலையூர் ஏரியிலோ நன்மங்கலம் காட்டோரத்திலோ கோயில் குளத்திலோ கொண்டுபோய் விட்டுவிட்டுப் புண்ணியம் தேடக் கூடாது. வீட்டு ஆமை சுமந்து வரும் நோய் காட்டு ஆமைக்குப் போகும். சிவப்புக் காது ஆமையோ உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்களில் ஒன்று.

சட்டப்படி வைத்துக்கொள்ளக்கூடிய ஆமையை வைத்திருப்பவருக்கு நான் முதலில் சொல்வது விளக்கு அல்ல, மாடிச் சாவி. அடுத்த அசோசியேஷன் கூட்டத்தில் கேளுங்கள். காலை எட்டரையிலிருந்து பத்து வரை, தப்பிக்க முடியாத ஓர் அடைப்பு, பாதி வெயில், பாதி நிழல், தண்ணீர், பக்கத்தில் ஓர் ஆள். காக்கையும் பருந்தும் பார்த்துக்கொண்டிருக்கும். கண்ணாடித் தொட்டியோடு தூக்கி வெயிலில் வைக்கவே வைக்காதீர்கள், அது நிமிடங்களில் அடுப்பாகிவிடும். மழை நாளுக்கும் புயல் வாரத்துக்கும் விளக்கு துணை நிற்கட்டும். மாடியும் கிடைக்காது, பால்கனியிலும் வெயில் இல்லை என்றால் முழுப் பொறுப்பும் அந்த விளக்கின் மேல் விழுகிறது. அதை வாங்கவும் அளக்கவும் ஆண்டுதோறும் மாற்றவும் ஆகும் செலவைக் கணக்குப் போட்டுவிட்டு, பிறகு குட்டி ஆமையின் விலையைக் கேளுங்கள்.

கணக்கு கட்டுப்படியாகவில்லை என்றால் வாங்காதீர்கள். ஆமை பார்க்க ஆசைப்படுகிற பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை வண்டலூருக்கோ வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கோ கூட்டிப் போகலாம். அங்கே ஆமைகள் வெயிலில் இருக்கின்றன.