கடலுக்குள் யார் விருந்தாளி, யார் திருடன்?

முகத்தில் கண்ணாடி, வாயில் மூச்சுக்குழாய், காலில் ரப்பர் துடுப்பு. ராமேஸ்வரம் பக்கம் காசு கொடுத்து ஸ்நார்கெலிங் போகிறவர் தண்ணீரில் குப்புற மிதந்து பவளப்பாறையைப் பார்க்கிறார். கரையேறியதும் படம் போடுகிறார். அவருக்குப் பெயர் 'இயற்கை ஆர்வலர்'!

கொஞ்ச தூரத்தில் பாம்பன் சின்னப்பாலம். அந்த ஊர்ப் பெண்களும் கண்ணாடி மாட்டிக்கொண்டுதான் கடலில் முங்குகிறார்கள். மூச்சுக்குழாய் கிடையாது. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, இடுப்பில் பையோடு, மூச்சை அடக்கி மரிக்கொழுந்துப் பாசி எடுக்கிறார்கள். இது தலைமுறை தலைமுறையாக நடக்கும் பிழைப்பு. ஆனால் அவர்களுக்குப் பெயர் 'அத்துமீறுபவர்கள்'.

இது என்ன நியாயம்?

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. தேவையான காரியம்தான், மறுப்பதற்கில்லை. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டி எடுத்த காலம் அது. பூவரசன்பட்டி, விளாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடலில் மூழ்கியே போய்விட்டன. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியது பாசி எடுத்த பெண்களா?

2010லும் 2016லும் கடல் சூடாகிப் பவளங்கள் வெளுத்தன. அந்தச் சூட்டை ஏற்றியது அவர்களா? வளர்ப்புக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கப்பாபைகஸ் பாசி, 2008 வாக்கில் குருசடைத் தீவின் பவளங்கள் மேல் படர்ந்து மூடத் தொடங்கியது. அதைக் கொண்டுவந்தது அவர்களா?

"பவளத்தின் மேல் மிதிக்கிறார்களே" என்பார்கள். உண்மை, மிதித்தால் உடையும். சுற்றுலா வந்தவரின் துடுப்பு பட்டாலும்தான் உடையும். பவளத்துக்கு ஆள் பார்க்கத் தெரியாது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. இந்தப் பெண்கள் கூடிப் பேசித் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். மாதம் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது, ஏப்ரல் முதல் ஜூன் வரை கடலுக்குள் இறங்குவதே இல்லை. இதற்காகவே சின்னப்பாலத்து லட்சுமிக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது. எத்தனை சுற்றுலா நிறுவனங்கள் மூன்று மாதம் கடையை மூடும்?

பவளத்தை மறுபடி வளர்க்க முடியும். தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் அதைச் செய்துவருகிறது. உயிருள்ள பவளத் துண்டுகளை சிமெண்ட் பலகையில் கட்டிக் கடலடியில் வைக்கிறார்கள். அருமையான வேலை! ஆனால் நட்டால் மட்டும் போதுமா? பாசி மூடுகிறதா, அறுந்த வலை சிக்கியிருக்கிறதா, நங்கூரம் விழுந்து நொறுங்கியதா, நிறம் வெளுக்கிறதா என்று யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எப்போதோ வரும் அதிகாரியால் அது முடியுமா? மாதம் 12 நாள் முங்குகிறவரால் முடியும்.

எனவே அவர்களை விரட்டாதீர்கள். சம்பளம் கொடுத்துப் பவளக் காவலர்களாக வையுங்கள். சுற்றுலா வருமானத்தில் பங்கு கொடுங்கள். முடிவெடுக்கும் கூட்டத்தில் நாற்காலி போடுங்கள். இது தானம் இல்லை, இத்தனை காலம் கடலைப் படித்தவர்களுக்குச் சேர வேண்டிய கூலி.

நண்பர்களே, அடுத்த முறை ஸ்நார்கெலிங் போனால், படகு ஏறும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தக் காசில் இந்த ஊர்க்காரர்களுக்கு எவ்வளவு?"

பதில் வரவில்லை என்றால், கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.