பரிவுக்கும் மதிப்பெண்ணா?

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை முன்மொழிந்த முழுமையான முன்னேற்ற அட்டை, மதிப்பெண் துரத்தலிலிருந்து குழந்தைகளை மீட்கும் என்று சொல்லப்பட்டது. பள்ளிகளுக்கு அது வந்து சேர்ந்திருக்கும் வடிவத்தைப் பார்த்தால், இதுநாள்வரை மதிப்பெண்ணுக்கு அகப்படாமல் தப்பியிருந்த குழந்தையின் மனத்தையும் பிடித்துக் கட்டத்துக்குள் அடைக்கும் ஏற்பாடாகவே தெரிகிறது. மாணவரின் நலவாழ்வுக்குப் பள்ளி என்ன செய்கிறது என்று அளக்க வேண்டியவர்கள், அந்த நலவாழ்வு மாணவரிடம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கப் புறப்பட்டதே இந்த அட்டையின் அடிப்படைப் பிழை.

நலவாழ்வு என்பது அச்சமும் பதற்றமும் இன்றிப் பள்ளியில் இருக்க முடிகிற நிலை; ஈடுபாடு என்பது வருகைப் பதிவேட்டில் விழும் எண் அன்று, பாடத்திலும் சக மாணவரிடத்திலும் பள்ளியின் நடைமுறைகளிலும் தனக்கொரு பங்கு உண்டென்று மாணவர் உணர்வது. இவ்விரண்டும் பள்ளி அமைத்துத் தரும் சூழலில் விளைபவை. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், அதன் 29ஆவது பிரிவில், குழந்தையை அச்சத்திலிருந்தும் பதற்றத்திலிருந்தும் விடுவிக்கும் கடமையைப் பாடத்திட்டத்தையும் மதிப்பீட்டு முறையையும் வகுப்போரின் தலையில்தான் வைத்தது. குழந்தையின் தலையில் வைக்கவில்லை.

அட்டை வைக்கிறது. விழிப்புணர்வு, பரிவுணர்வு, படைப்பாற்றல் என மூன்று திறன்கள். சிறு வகுப்புகளில் அவற்றுக்கு ஓடை, மலை, வானம் என மூன்று படிகள். பெயர் அழகாக இருப்பதால் தரவரிசை இல்லையென்று ஆகிவிடாது. வானத்தில் இருப்பவர் யார், ஓடையோடு நின்றவர் யார் என்பது ஆறு வயதுக் குழந்தைக்கும் ஒரே நாளில் விளங்கிவிடும். கணக்கில் பின்தங்கிய குழந்தைக்குக் கணக்கு வரவில்லை என்ற ஒரு குறைதான் இதுவரை இருந்தது. இனி, பிறர்மேல் பரிவு கொள்வதிலும் அது கீழ்ப்படியில் இருப்பதாகப் பள்ளி முத்திரையோடு எழுதிக் கொடுக்கப்படும். வீட்டில் சண்டை நடந்த இரவுக்கு மறுநாள் வகுப்பில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் சிறுமியின் மௌனமும், வேற்று மாநிலத்திலிருந்து வந்து புது மொழியில் பேசக் கூசும் சிறுவனின் ஒதுக்கமும் பரிவின்மையாகப் பதிவாகா என்பதற்கு யார் உறுதி தருவார்? சக மாணவரும் மதிப்பிட வேண்டுமாம். நட்பும் பிணக்கும் வாரத்துக்கு இருமுறை இடம் மாறும் வயதில், தோழன் தோழனைப் பற்றி நிரப்பும் கட்டம் அந்த வாரத்துச் சண்டையைத்தான் காட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தரம் போடப்படும் பரிவு பரிவாக நீடிப்பதில்லை. ஆசிரியர் பார்க்கும்போது பென்சிலைக் கடன் கொடுப்பதே ஆதாயம் என்பதைத்தான் குழந்தை கற்றுக்கொள்ளும். ஒரு வகுப்பில் 40 பேரை வைத்துக்கொண்டு, ஒவ்வொருவர் மனத்தையும் பருவந்தோறும் எடைபோடப் பணிக்கப்பட்ட ஆசிரியர், ஒருவருக்கு எழுதிய வரியை மற்றவருக்கும் எழுதினால் அவரைக் குறைசொல்ல முடியாது.

இது நடக்காததைக் கற்பனை செய்யும் அச்சமன்று. 2009இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்திடமிருந்து வந்ததுதான் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு முறை, அதாவது ஆண்டு இறுதித் தேர்வை மட்டும் நம்பாமல் ஆண்டு முழுவதும் மாணவரைப் பல கோணங்களில் கணிக்கும் முறை. அதிலும் உணர்வுசார் திறனுக்கு ஐந்து படிகளில் தரம் போடப்பட்டது; அத்தரம் பாட மதிப்பீட்டையே உயர்த்தவும் உதவியது; ஆயத்த வாசகங்கள் அட்டைக்கு அட்டை படியெடுக்கப்பட்டன; 2017இல் முறையே கைவிடப்பட்டது. அதனோடு விருப்பத் தேர்வாக்கப்பட்டிருந்த பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு 2018இல் மீண்டும் கட்டாயமாயிற்று. சிக்கல் தீர்க்கும் திறனுக்கென்று இடையில் வந்த தனித்தேர்வு ஓரிரு ஆண்டுகளில் காணாமல் போனது. 2014இல் வந்த திறந்த நூல் தேர்வு 2017இல் போயிற்று. இப்போது அதே யோசனை ஒன்பதாம் வகுப்புக்கு 2026-27இலிருந்து திரும்ப அழைக்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் சோதனைக்கு ஆளானவர்கள் அந்தந்த ஆண்டுகளில் பயின்ற மாணவர்கள். முடிவெடுத்தோரின் அட்டையில் யாரும் எதையும் எழுதியதில்லை.

பள்ளியை அளக்க வழியில்லாமலா குழந்தையை அளக்கிறார்கள்? 2022ஆம் ஆண்டில் மட்டும் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதைச் சுட்டிய உச்ச நீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேற்பட்டோர் பயிலும் கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும் தகுதிபெற்ற உளவியல் ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டுமென்று 2025 ஜூலை 25 அன்று கட்டளையிட்டது. நியமித்தார்களா என்பது ஆம், இல்லை என்று விடை சொல்லக்கூடிய கேள்வி. விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்குகிறாரா, அடியும் வசையும் நின்றுவிட்டனவா, புகார் சொன்ன மாணவர் அடுத்த ஆண்டும் அதே பள்ளியில் படிக்கிறாரா என்பவையும் அவ்வாறே. இவற்றுக்கு மாறாக, பள்ளிகளே தமக்குத் தாம் தரம் போட்டுக்கொள்ளும் தன்மதிப்பீட்டுப் படிவங்களை வைத்துக்கொண்டு, கறாரான அளவுகோல் அத்தனையையும் ஆறு வயதுக் குழந்தைகளுக்கென ஒதுக்கியிருப்பது கோழைத்தனம்.

பள்ளி தரும் சூழலை வெளியிலிருந்து நேர்மையாக மதிப்பிடும் ஏற்பாடு ஒன்றை ஆசிரியரையும் பெற்றோரையும் கலந்து உருவாக்க வேண்டும். அது எவ்வடிவில் அமைந்தாலும் தேவலாம். அதுவரை, அட்டையிலிருக்கும் பரிவுணர்வுக் கட்டத்தை நீக்குங்கள்.