அடுத்த மின்கட்டண விசாரணைக்கு எங்களோடு வாருங்கள்
கோவை ஜாப் ஆர்டர் பட்டறைக்காரர்களின் வேண்டுகோள்



கணபதி, ஆவாரம்பாளையம், சின்னவேடம்பட்டி, இடிகரை, குறிச்சி என்று கோவையைச் சுற்றி லேத்தும் மில்லிங்கும் டிரில்லிங்கும் வைத்து, கம்பெனிகள் கொடுக்கும் பாகங்களைக் கூலிக்குக் கடைந்து தரும் ஜாப் ஆர்டர் செய்து பிழைப்பவர்கள் நாங்கள். உங்கள் தோட்டத்துப் பம்பின் ஷாஃப்டையோ, சமையலறை கிரைண்டரின் உதிரிப் பாகத்தையோ எங்களில் யாராவது ஒருவர் கடைந்து கொடுத்திருக்கக்கூடும். எங்களில் பலருடைய பட்டறையில் முதலாளியும் தொழிலாளியும் ஒரே ஆள்தான். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு எழும்பிய ஊர் இது. மின்சாரக் கட்டணம் மாறினால் இங்கே எல்லாமே மாறும்.

2027 மார்ச் 31 என்ற தேதியை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறோம். தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2022 செப்டம்பரில் பிறப்பித்த கட்டண ஆணை, 2022-23 முதல் 2026-27 வரை ஐந்து நிதியாண்டுகளுக்கானது. அந்தக் காலம் முடியும்போது, அடுத்த ஆண்டுகளுக்கான விதிகள் புதிதாக எழுதப்படும். எழுதுவதற்கு முன் பொதுமக்களின் கருத்தையும் ஆட்சேபணையையும் பரிசீலிக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 64ஆவது பிரிவு சொல்கிறது. அப்படிக் கருத்துக் கேட்கும்போது, எங்களோடு சேர்ந்து நீங்களும் பேச வேண்டும்.

பில்லில் என்ன மாறியது?

2014 டிசம்பருக்குப் பிறகு எட்டு ஆண்டுகளாகப் பெரிய மாற்றமில்லாமல் இருந்த கட்டணம், 2022 செப்டம்பர் 10 முதல் உயர்ந்தது. தாழ்வழுத்த இணைப்பு வைத்திருக்கும் எங்களைப் போன்ற தொழிற்கூடங்கள் பெரும்பாலும் 3பி என்ற பிரிவில் வருகின்றன. இந்தப் பிரிவில் யூனிட் விலை 6 ரூபாய் 35 காசிலிருந்து 7 ரூபாய் 50 காசானது. அதைக்கூட எப்படியோ சமாளித்தோம். மிஷினைக் குறைவாக ஓட்டினால் யூனிட் குறையும். தேவையில்லாத லைட்டை அணைக்கலாம். பழைய மோட்டாரை மாற்றலாம்.

எங்களைத் திணறடித்தது நிலைக்கட்டணம். மிஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும், ஆர்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அனுமதிக்கப்பட்ட மின்பளுவுக்கு ஏற்ப மாதாமாதம் கட்ட வேண்டிய தொகை அது. முன்பு ஒரு கிலோவாட்டுக்கு மாதம் 35 ரூபாய். 2022 ஆணையில் 50 கிலோவாட் வரை 75 ரூபாய் என்றும், அதற்கு மேல் 112 கிலோவாட் வரை 150 ரூபாய் என்றும் ஆனது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு லேத், ஒரு மில்லிங், ஒரு டிரில்லிங், ஒரு வெல்டிங் மிஷின் வைத்து 15 கிலோவாட் வாங்கியிருப்பவருக்கு 525 ரூபாய் 1,125 ஆனது. இரண்டு மூன்று சி.என்.சி. மிஷின் போட்டு 55 கிலோவாட் வாங்கியவருக்கு 1,925 ரூபாய் 8,250 ஆனது. 112 கிலோவாட் வைத்திருப்பவருக்கு 3,920 ரூபாய் 16,800 ஆனது. ஒரு யூனிட்கூட எரிப்பதற்கு முன்பே கட்ட வேண்டிய பணம் இது.

இன்னும் நுணுக்கமான சிக்கல் ஒன்று இருக்கிறது. 2022 ஆணைப்படி 50 கிலோவாட் வைத்திருப்பவர் மாதம் 3,750 ரூபாய் கட்டினார். 51 கிலோவாட் வைத்திருப்பவர் 7,650 ரூபாய் கட்டினார். ஐம்பதைத் தாண்டிய அந்த ஒரு கிலோவாட்டுக்கு மட்டும் கூடுதல் விலை என்று இல்லாமல், மொத்தப் பளுவுக்கும் விலை இரட்டிப்பாகிவிடுகிறது. வருமான வரியில் வரம்பைத் தாண்டிய தொகைக்குத்தானே கூடுதல் விகிதம்? இங்கே அப்படி இல்லை. கடன் வாங்கி இன்னொரு மிஷின் போட்டு, இன்னும் இரண்டு பேருக்கு வேலை கொடுக்கலாம் என்று நினைப்பவர் ஐம்பது கிலோவாட் கோட்டில் வந்து நின்றுவிடுகிறார்.

இதோடு உச்சநேரக் கட்டணமும் சேர்ந்தது. காலை 6 முதல் 10 வரையும், மாலை 6 முதல் 10 வரையும் எரியும் மின்சாரத்துக்கு 25 சதவீதம் கூடுதல் என்றார்கள். பெரிய ஆலை ஷிஃப்டை மாற்றிக்கொள்ளலாம். வீட்டோடு ஒட்டிய பட்டறையில் நள்ளிரவில் கிரைண்டிங் வீல் ஓட்டினால் பக்கத்து வீட்டார் என்ன சொல்வார்கள்? பெரிய ஆலைக்குச் சொந்தக் காற்றாலை உண்டு, வெளிச்சந்தையில் மின்சாரம் வாங்கும் வழியும் உண்டு. எங்களுக்கு இருப்பது மின்வாரியம் என்ற ஒரே கடை.

ஏறிய கட்டணத்தை விலையில் ஏற்றிவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். ஜாப் ஆர்டரில் பீஸ் ரேட்டை நாங்கள் முடிவு செய்வதில்லை. ஆர்டர் கொடுக்கும் கம்பெனி முடிவு செய்கிறது. கட்டாது என்று சொன்னால் வேலை அடுத்த தெருப் பட்டறைக்குப் போய்விடும். உயர்வு வாங்குபவர் மேல் ஏறாமல் எங்கள் கூலியில்தான் இறங்குகிறது.

மறுபக்கமும் எங்களுக்குத் தெரியும்

மின்வாரியத்தின் கடனும் நஷ்டமும் ஊரறிந்தவை. மின்நிலையங்களோடு போட்ட ஒப்பந்தப்படி, மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அவற்றுக்கு ஒரு தொகை கொடுத்தாக வேண்டும். கம்பியும் டிரான்ஸ்ஃபார்மரும் ஆளும் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். அந்தச் செலவை நிலைக்கட்டணமாக வசூலிப்பது உலகம் முழுக்க இருக்கும் வழக்கம். கட்டணமே உயரக்கூடாது என்று நாங்கள் கேட்கவில்லை. வீடுகளுக்குக் கொடுக்கும் இலவச மின்சாரத்தைப் பறிக்கவும் சொல்லவில்லை. எங்கள் வீடுகளும் அதில் அடக்கம்.

நாங்கள் கேட்பது விதி எழுதப்படும் முறையைப் பற்றி. 2022இல் கட்டண உயர்வுக்கான அறிவிப்பு ஜூலை 18ஆம் தேதி வந்தது. ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னை ஆகிய மூன்று ஊர்களில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. செப்டம்பர் 10ஆம் தேதி புதிய கட்டணம் அமலுக்கு வந்துவிட்டது. முழுதாக இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மின்வாரியம் தாக்கல் செய்த, நூற்றுக்கணக்கான பக்கம் உள்ள மனுவைப் படித்து, தனக்கு எந்த வரி பொருந்தும் என்று கண்டுபிடித்து, கணக்குப் போட்டு எழுத, பட்டறையில் தனியாக நிற்கும் ஆளுக்கு எங்கே நேரம்? வேலை நாளில், பகலில் நடக்கும் கூட்டத்துக்குப் போனால் அன்றைய ஜாப் நின்றுவிடும். பெரிய நிறுவனங்களின் சார்பில் வக்கீலும் ஆடிட்டரும் வந்து பேசுவார்கள். அது அவர்கள் உரிமை. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மேசைக்கு வராத கணக்கு ஆணையிலும் வராது.

அந்த 2022 ஆணையிலேயே, ஒவ்வொரு ஜூலையிலும் விலைவாசிக் குறியீட்டை ஒட்டி, 6 சதவீதத்துக்கு மிகாமல் கட்டணத்தைத் திருத்தவும் வழி செய்யப்பட்டது. அதன்படி 2023இல் 2.18, 2024இல் 4.83, 2025இல் 3.16 சதவீதம் என்று திருத்தம் வந்தது. சில ஆண்டுகளில் வீடுகளுக்கான உயர்வை அரசு தானே ஏற்றுக்கொண்டது. ஒரு முறை எழுதப்பட்ட விதி ஐந்து ஆண்டுகளுக்குத் தானாக வேலை செய்யும் என்பதற்காகவே இதைச் சொல்கிறோம். தொடக்கத்தில் பேசாவிட்டால், பிறகு ஒவ்வோர் ஆண்டும் மன்றாட வேண்டியிருக்கும்.

பேசினால் மாறும்

குரல் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்ற சலிப்பு எங்களுக்குள்ளும் உண்டு. நடந்ததைப் பார்த்தால் அந்தச் சலிப்புக்கு நியாயம் இல்லை. சிறு, குறுந்தொழில் அமைப்புகள் முறையிட்ட பிறகு, 2022 நவம்பரில் தாழ்வழுத்தத் தொழிற்கூடங்களுக்கான உச்சநேரக் கட்டணம் 25 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. விசைத்தறிக்காரர்கள் விடாமல் கேட்ட பிறகு, அவர்களுக்கான இலவச மின்சாரம் இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டிலிருந்து 1,000 யூனிட்டாக 2023இல் உயர்ந்தது. 2023 செப்டம்பர் 25ஆம் தேதி மாநிலம் முழுவதும் சிறு தொழிற்கூடங்கள் ஒருநாள் மூடிக் கிடந்தன. அந்தப் போராட்டக் காலத்தில்தான் 12 கிலோவாட்டுக்கு உட்பட்டவர்களைக் கட்டணம் குறைந்த 3ஏ1 பிரிவுக்கு மாற்றவும், கூரைமேல் சூரிய மின்தகடு வைத்தவர்களின் நெட்வொர்க் கட்டணத்தைப் பாதியாகக் குறைக்கவும் அரசு முன்வந்தது.

இவை எல்லாமே ஆணை வந்து, அடி விழுந்த பிறகு கிடைத்தவை. இந்த முறை ஆணை எழுதப்படுவதற்கு முன்பே பேசிவிடலாம்.

ஆணையத்திடம் நாங்கள் வைக்கப்போவது

ஒன்று: 50 கிலோவாட்டைத் தாண்டினால், தாண்டிய பளுவுக்கு மட்டும் கூடுதல் நிலைக்கட்டணம் வாங்க வேண்டும்.

இரண்டு: எந்த நேரத்தில் எவ்வளவு எரிந்தது என்று பிரித்துக் காட்டும் மீட்டர் இல்லாத இணைப்புக்கு உச்சநேரக் கட்டணம் கூடாது என்பது ஆணையிலேயே எழுத்தில் இருக்க வேண்டும்.

மூன்று: மனுவோடு, ஒவ்வொரு பிரிவுக்கும் பழைய கட்டணம், புதிய கட்டணம், மாதிரி பில் மூன்றையும் தமிழில் ஒரே பக்கத்தில் வெளியிட வேண்டும். டீக்கடைக்காரரும் தையல்கடைக்காரரும் படித்தவுடன் புரிந்துகொள்ளும்படி அது இருக்க வேண்டும்.

நான்கு: ஆணை வந்த நாளுக்கும் அமலாகும் நாளுக்கும் நடுவே, பீஸ் ரேட்டைப் பேசி மாற்றிக்கொள்ளும் அளவுக்காவது அவகாசம் தர வேண்டும்.

உங்களிடம் நாங்கள் கேட்பது

கடை, பட்டறை, மாவுமில், ஹோட்டல், தையலகம் வைத்திருப்பவர்களே! வணிக இணைப்பின் நிலைக்கட்டணமும் அதே ஆணையில் 50 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 70 ரூபாயிலிருந்து 100 ரூபாயானது. இது உங்கள் வழக்கும்கூட. உங்கள் மின்கட்டண அட்டையைக் கையில் எடுங்கள். இணைப்பு எண், கட்டணப் பிரிவு, அனுமதிக்கப்பட்ட பளு, கடந்த ஓராண்டில் கட்டிய தொகை, அதில் நிலைக்கட்டணம் எவ்வளவு என்ற ஐந்தையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். அறிவிப்பு வந்ததும், அந்தத் தாளோடு பில் நகலை இணைத்து, என்ன மாற வேண்டும் என்று இரண்டு வரி சேர்த்தால் அதுவே ஆட்சேபணைக் கடிதம். தமிழில் எழுதுங்கள். அறிவிப்பில் சொன்ன முகவரிக்கு, சொன்ன நாளுக்குள் அனுப்புங்கள். ஆணையத்தின் அலுவலகம் சென்னை கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில், சிறுதொழில் வளர்ச்சிக்கென்றே உள்ள சிட்கோவின் கட்டடத்தில்தான் இருக்கிறது. சிறுதொழிலாளியின் கடிதம் அங்கே போய்ச் சேரத் தயங்க வேண்டியதில்லை.

ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர்களே, ஆடிட்டர்களே, பொறியியலும் வணிகவியலும் படிக்கும் மாணவர்களே! மனுவைப் படித்துப் பொருள் சொல்ல எங்களுக்கு ஆள் தேவை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் பகுதிக்கு வந்து, பத்துப் பட்டறையின் பில்லைப் பார்த்துக் கணக்குப் போட்டுத் தந்தால் போதும்.

ஆர்டர் கொடுக்கும் கம்பெனிக்காரர்களே! 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்திடம் வாங்கிய வேலைக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். அதைத் தவறாமல் தாருங்கள். கட்டணம் மாறும் மாதத்தில் பீஸ் ரேட்டைத் திரும்பப் பேச ஒரு வரியை ஆர்டரில் சேருங்கள். நாங்கள் மூடிவிட்டால் உங்கள் அசெம்பிளி லைனும்தானே நிற்கும்?

வீட்டு இணைப்பு மட்டும் வைத்திருக்கும் பொதுமக்களே! உங்கள் தொகுதி சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள். எந்தப் பிரிவுக்காவது அரசு சலுகை கொடுக்க நினைத்தால், அதற்கான பணத்தை அரசே முன்கூட்டித் தர வேண்டும் என்கிறது மின்சாரச் சட்டத்தின் 65ஆவது பிரிவு. சிறு பட்டறைக்கும் சிறு கடைக்கும் அடுத்த ஐந்தாண்டில் அந்தச் சலுகை உண்டா, எவ்வளவு, எந்தத் தலைப்பில் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கருத்துக்கேட்புக் கூட்டத்தின் தேதி அறிவிக்கப்பட்டதும், அன்று எங்கள் பட்டறைகளில் இருந்து தெருவுக்கு ஒருவராவது போவது என்று பேசி வைத்திருக்கிறோம். போகிறவருடைய அன்றைய ஜாப்பை மற்றவர்கள் முடித்துக் கொடுப்பார்கள். உங்கள் கடைவீதியிலும், உங்கள் ஊர்த் தொழிற்பேட்டையிலும் இதே ஏற்பாட்டைச் செய்யுங்கள். பேச வராதவர்கள் கையில் பில்லோடு வந்து உட்கார்ந்தாலும் போதும். எத்தனை பேர் வந்தார்கள் என்பதும் ஒரு கருத்துதான்.

இப்படிக்கு,
கோவை ஜாப் ஆர்டர் பட்டறைக்காரர்கள்