தமிழ் கம்ப்யூட்டருக்கு ஏத்த மொழியாம்! அப்போ 'அவுக' யாருன்னு சொல்லுங்க பாப்போம்

டிஸ்கி: பதிவு கொஞ்சம் நீளம். மொக்கை இல்லை, சண்டை. டீயைக் கையில வச்சுக்கிட்டுப் படிக்கவும்.

மறுபடியும் கிளம்பிட்டாங்க. 'உலக மொழிகளிலேயே கணினிக்கு மிகவும் பொருத்தமான மொழி தமிழ்தான்' என்று ஆரம்பிக்கும் அந்த ஃபார்வர்டு.

இதோட மூதாதையர் யாருன்னு ஞாபகம் இருக்கா? 1985இல் ரிக் பிரிக்ஸ் என்ற நாசா ஆராய்ச்சியாளர் சமஸ்கிருத இலக்கண மரபையும் செயற்கை நுண்ணறிவையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். அது ஊதி ஊதி, 'சமஸ்கிருதம்தான் கம்ப்யூட்டர் மொழி, நாசாவே சொல்லிடுச்சு' என்று ஆச்சு. நாம எல்லாரும் சிரிச்சோம். பதிவு போட்டுக் கும்மியடிச்சோம். இப்ப அதே சரக்கை லேபிள் மாத்தி நாமே விக்கிறோம். வெக்கமா இல்லையா மக்களே?

இந்தத் தமிழ் லேபிளுக்குச் சொல்லப்படும் காரணம் இது. தமிழ் வினைமுற்றைப் பாத்தாலே திணை, பால், எண், இடம் எல்லாம் தெரிஞ்சிடும். வந்தான், வந்தாள், வந்தார்கள், வந்தது. எழுவாயே வேண்டாம். அதனால ஒரு கட்டுரையில் 'அவன்' என்பது யார், 'அது' என்பது எது என்று கம்ப்யூட்டர் கண்டுபிடிப்பது தமிழில் ரொம்பச் சுலபம்.

இப்படிக் கண்டுபிடிக்கிற வேலைக்கு கோரெஃபரன்ஸ் ரெசல்யூஷன்னு பேரு. யார் யாரைச் சுட்டுதுன்னு முடிச்சுப் போடுற வேலை. மொழிபெயர்ப்பு, செய்திச் சுருக்கம், கேள்வி-பதில் எல்லாத்துக்கும் இதுதான் அஸ்திவாரம். இது ஆட்டம் கண்டா மேல கட்டினது எல்லாம் சரியும்.

தமிழில் இது சுலபம்னு சொல்றவங்க தயவுசெஞ்சு ஒருநாள் போடி பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க. அங்கருந்து குரங்கணி பஸ் ஏறுங்க. சும்மா காதைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காருங்க.

'அவுக மேல போயிருக்காக.'

யாரு? வீட்டுக்காரரா? மாமியாரா? காய் எடுக்கப் போன பத்துப் பேரா? எங்க தேனிப் பக்கத்துப் பேச்சில் மூணுக்கும் 'அவுக'தான், மூணுக்கும் 'போயிருக்காக'தான். பாலும் போச்சு, எண்ணும் போச்சு. 'மேல'ன்னா எங்க? ஏலத்தோட்டத்துக்கா, டாப் ஸ்டேஷனுக்கா? சொல்ற குரலைப் பொறுத்து ஒரேயடியா மேல போயிட்டாகளான்னுகூட அர்த்தம் வரும் :-)

'அந்தப் பொண்ணு இப்பத்தான் வந்துச்சு. பையைக் கீழ வச்சுச்சு. கிழிஞ்சிருச்சு.'

உயர்திணைக்கு அஃறிணை விகுதி. வந்தது பொண்ணு, வச்சது பொண்ணு, கிழிஞ்சது பை. மூணு வினைக்கும் ஒரே வால். விகுதியை நம்பின மெஷின் இங்க யாரைக் கிழிக்கும்?

சரி, அது பேச்சு வழக்கு, எழுத்துத் தமிழ் சுத்தம்னு சொல்வீங்க. இதைப் பாருங்க. நானே எழுதின ரெண்டு வாக்கியம்:

அ) மலையேறிகளை வனத்துறையினர் தடுத்து நிறுத்தினர். அவர்களிடம் அனுமதிச் சீட்டு இல்லை.

ஆ) மலையேறிகளை வனத்துறையினர் தடுத்து நிறுத்தவில்லை. அவர்களிடம் போதிய ஆள் இல்லை.

முதல் 'அவர்கள்' மலையேறிகள். ரெண்டாவது 'அவர்கள்' வனத்துறை. ரெண்டுமே பலர்பால். விகுதி நயா பைசாவுக்கு உதவாது. அனுமதிச் சீட்டு யாரிடம் இருக்கணும், ஆள் பற்றாக்குறை யாருக்கு வரும் என்ற உலக ஞானம்தான் உதவும். இந்த மாதிரிப் புதிரை டெரி வினோகிராட் 1972லேயே இங்கிலீஷில் போட்டுக் காட்டிட்டார். அதைத் தமிழில் ஒண்ணு எழுத எனக்கு ரெண்டு நிமிஷம்கூட ஆகல.

இது விளையாட்டு இல்லைங்க. 2018 மார்ச் 11 யாருக்கும் மறந்திருக்காது. குரங்கணி காட்டுத் தீயில் 23 உயிர் போச்சு. அந்தச் செய்திகளை இப்ப எடுத்துப் படிங்க. சென்னையில் இருந்து வந்த ஒரு குழு. ஈரோடு, திருப்பூர் பக்கம் இருந்து வந்த இன்னொரு குழு. அழைச்சுட்டுப் போனவங்க, வனத்துறை, போலீஸ், விமானப்படை, மீட்புக்கு ஓடின உள்ளூர் ஜனம். அத்தனை பேருக்கும் ஒரே சொல்தான்: 'அவர்கள்'. பல வாக்கியத்தில் அதுவும் இருக்காது. 'அனுமதி பெறவில்லை', 'தகவல் தெரிவிக்கவில்லை' என்று எழுவாய் இல்லாமலே முடியும். 'பெறவில்லை' என்ற வினைக்குத் திணையும் கிடையாது, பாலும் கிடையாது, எண்ணும் கிடையாது. நான், நீ, அவள், அது, அவர்கள் எல்லாத்துக்கும் பொருந்தும். தமிழ் வினைமுற்றில் எல்லாம் இருக்குன்னு சொன்னவங்க எதிர்மறையை மட்டும் மறந்துட்டாங்க போல.

இந்தச் செய்திகளை ஒரு மெஷின் சுருக்கித் தருதுன்னு வைங்க. முடிச்சைத் தப்பாப் போட்டா என்ன ஆகும்? கடமையைச் செய்யாதவன் மேல விழ வேண்டிய பழி செத்தவங்க மேல விழும். ஒரு குழு செஞ்சது இன்னொரு குழு கணக்கில் ஏறும். அதை எதிர்த்துப் பேச அவங்க இல்லை. எனக்குக் கோபம் வர்ற இடம் இதுதான்.

ஊர்ப் பேர்லயே எங்க ஆளுங்க வச்சிருக்கிற பொறியையும் சொல்றேன். குரங்கணிக்கு மேல சென்ட்ரல் ஸ்டேஷன்னு ஒரு மலைக்கிராமம். அதுக்கு மேல டாப் ஸ்டேஷன். மூணாறு தேயிலை டாப் ஸ்டேஷன் வரைக்கும் ரயிலில் வந்து, அங்கருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கின காலத்துப் பேர்கள். 1924 வெள்ளத்தில் ரயில் போச்சு, பேரு மட்டும் நின்னுடுச்சு. 2023 ஜூனில் சென்னை சென்ட்ரலில் இருந்து போடிக்கே ரயில் விட்டாங்க. ஆக, 'சென்ட்ரல்ல இருந்து போடிக்கு வந்தேன்'னு ஒருத்தர் எழுதினா, ராத்திரி பூரா ரயிலில் வந்தாரா, மலையில் இருந்து நடந்து இறங்கினாரா? எங்க ஊர்க்காரன் முன்பின் ரெண்டு வரியைப் பாத்துச் சொல்லிடுவான். மெஷினுக்கு யார் சொல்லிக் குடுத்தது?

இன்னொண்ணு. போடியில் ஸ்பைசஸ் போர்டு மின்னணு ஏல மையம் இருக்கு. 'ஏலம் ஏலத்துக்குப் போச்சு, அது சரியில்ல.' எது சரியில்ல? காயா, விலைகேட்பா? நல்லா இருங்க.

இப்ப கொரியாவுக்குப் போவோம். கொரிய மொழியில் வினையில் பால், எண், இடம் எதுவுமே கிடையாது. எழுவாயைச் சகட்டுமேனிக்கு விழுங்குவாங்க. 'அவன், அவள்' என்று சொல்வதே குறைவு. பேரு, பதவி, உறவுமுறை சொல்லித்தான் பேசுவாங்க. மரியாதைக்கு வினையில் ஒரு 'ஷி' சேரும், அது ஒரு சின்னத் துப்பு. நம்ம ஃபார்வர்டு கணக்குப்படி பாத்தா கம்ப்யூட்டருக்கு ஆகவே ஆகாத மொழி.

அவங்க என்ன செஞ்சாங்க? எங்க மொழிதான் உசத்தின்னு ஃபார்வர்டு அனுப்பிட்டு உக்காரல. அவங்க தேசிய கொரிய மொழி நிறுவனம் 2020இல் 'எல்லோருடைய சொற்தொகுப்பு' என்ற அர்த்தத்தில் பேர் வச்சு, பெரிய தரவுத் தொகுப்பைத் திறந்துவிட்டது. ஒரு கட்டுரையில் எந்தச் சொல்லும் எந்தச் சொல்லும் ஒரே ஆளைச் சுட்டுது, வாக்கியத்தில் காணாமல் போன எழுவாய் யாரு என்று குறிச்சு வச்ச தொகுப்புகளும் அந்தத் திட்டத்தில் உண்டு. மெஷின் அதைப் படிச்சுக் கத்துக்குது.

நம்ம பக்கம் ஒண்ணுமே நடக்கலைன்னு சொன்னா அது அநியாயம். சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் ஏயூ-கேபிசி ஆய்வு மையம் இருக்கு. அங்க சோபா லலிதா தேவியும் அவர் குழுவும் வருஷக்கணக்கா இதைத்தான் செய்யறாங்க. மெஷின் லேர்னிங் வச்சுத் தமிழ்ப் பிரதிப்பெயர்களைத் தீர்க்கிற ஆய்வை 2007லேயே வெளியிட்டாங்க. 2011இல் வங்காளம், இந்தி, தமிழ் மூணுக்கும் இதே வேலைக்குப் போட்டி நடந்தது. நம்மில் எத்தனை பேர் இதைப் பத்திப் பதிவு போட்டோம்? நாசா ஃபார்வர்டுக்கு நூறு பின்னூட்டம் விழும். இவங்களுக்கு ஒரு ஸ்மைலிகூட விழல.

வழக்கமா வரப்போற பின்னூட்டங்களுக்கு இப்பவே பதில் சொல்லிடறேன்.

1. 'தொல்காப்பியத்திலேயே எல்லாம் இருக்கு.'

இருக்கு சாமி. இயற்பெயரும் சுட்டுப்பெயரும் சேர்ந்து வந்தா சுட்டு பின்னாடிதான் வரணும், செய்யுளில் மட்டும் முன்னாடி வரலாம் என்று கிளவியாக்கத்தில் சொல்லியாச்சு. எழுவாய் மறைஞ்சு வர்றதுக்குத் 'தோன்றா எழுவாய்' என்று இலக்கணத்தில் அழகான பேரே இருக்கு. ஆனா பேர் வச்சது நம்ம பாட்டன். அந்தத் தோன்றா எழுவாயை ஒவ்வொரு வாக்கியத்திலும் தேடிக் குறிச்சு வைக்க வேண்டியது பேரன். பாட்டன் சொத்தைக் காட்டியே எத்தனை நாள் கடன் வாங்குவீங்க?

2. 'இங்கிலீஷ் தரவை மொழிபெயர்த்துக்கலாமே.'

அதையும் செஞ்சு பாத்திருக்காங்க. 2024இல் 31 தெற்காசிய மொழிகளுக்கு இங்கிலீஷ் தரவை மெஷினால் மொழிபெயர்த்து, குறிகளையும் இடம் மாத்தி ஒரு தொகுப்பு வந்தது. ஒண்ணுமே இல்லாத இடத்தில் அது நல்ல ஆரம்பம், குறை சொல்ல மாட்டேன். ஆனா இங்கிலீஷில் இருந்து வர்ற தமிழ் எப்படி இருக்கும்? 'அவன் வீட்டுக்குப் போனான், அவன் தன் கையைக் கழுவினான், அவன் சாப்பிட்டான்.' யாருய்யா இப்படி எழுதறது? நாம 'வீட்டுக்குப் போய்க் கை கழுவிட்டுச் சாப்பிட்டான்' என்போம். மூணு 'அவன்' போய் ஒண்ணுகூட இல்லை. தமிழோட கஷ்டமே இல்லாத இடத்தில்தான் இருக்கு. மொழிபெயர்ப்பில் அந்த இல்லாமையே வராது.

3. 'இப்பத்தான் பெரிய ஏஐ எல்லாம் வந்தாச்சே, அதுவே சரியாப் பண்ணுதே.'

பண்ணுதுன்னு எப்படித் தெரியும்? நாலு கேள்வி கேட்டீங்க, நாலும் சரியா வந்துச்சு. அது சோதனை இல்லை, சோசியம். ஆயிரம் வாக்கியத்தில் எத்தனை சரி, எத்தனை தப்பு, எந்த மாதிரி இடத்தில் தப்பு என்று சொல்லணும்னா, விடைத்தாள் மனுஷன் கையால் எழுதியிருக்கணும். மெஷினுக்குப் பாடம் நடத்தத் தரவு வேண்டாம்னே வச்சுக்குவோம், பரீட்சை வைக்கவாவது வேணுமே. 'அவுக', 'வந்துச்சு' எல்லாம் அந்த வினாத்தாளில் வரலைன்னா, நூத்துக்கு நூறு வாங்கினாலும் அது எங்க ஊருக்குச் செல்லாது.

சரி, திட்டினது போதும். என்ன செய்யணும்?

பதிவர்களான நம்மகிட்ட இருக்கிற ஒரே சொத்து, வருஷக்கணக்கா எழுதித் தள்ளின தமிழ். எழுத்தும் பேச்சும் கலந்த, மதுரை, நெல்லை, கொங்கு, யாழ்ப்பாணம் எல்லாம் கலந்த தமிழ். இப்படி ஒரு சுரங்கம் எந்தப் பத்திரிகையிலும் இல்லை. அதில் இருந்து ஆளுக்கு ஒரு பதிவை எடுங்க. 500 வார்த்தை போதும். இப்படிக் குறிங்க:

முருகேசன்[1] மூட்டையை[2] ஜீப்பில் ஏத்தி டிரைவரிடம்[3] சீட்டைக்[4] கொடுத்தான். [–3] கீழ போய் இறக்கிட்டு [–3] போன் பண்ணச் [–1] சொன்னான். ரெண்டு மணிக்கு [–3] பண்ணினான்.

ஒரே ஆளுக்கு ஒரே நம்பர். எழுவாய் ஒளிஞ்சிருந்தா ஒரு கோடு போட்டு அவன் நம்பர். அவ்வளவுதான். 'சொன்னான்', 'பண்ணினான்' ரெண்டும் ஒரே விகுதிதான், ஆனா ஆள் வேற. இதைத்தான் மெஷின் கத்துக்கணும். மூட்டையும் சீட்டும் மறுபடி எங்கயும் சொல்லப்படலை பாருங்க. ஆனாலும் இறக்கினது சீட்டை இல்லை, மூட்டையைத்தான் என்று நமக்குத் தெரியுது. அதையும் குறிக்கணும்னா 'இறக்கிட்டு'க்கு முன்னாடி [–2].

குறிச்ச பிறகு, குறி இல்லாத பிரதியை இன்னொரு பதிவரிடம் கொடுங்க. அவரும் தனியாக் குறிக்கட்டும். ரெண்டையும் ஒட்டிப் பாருங்க. எங்க இடிக்குதோ அங்கதான் தமிழ் உண்மையிலேயே குழப்புது. அந்த இடத்தை மூணாவது ஆள் தீர்க்கட்டும். தீராட்டி 'தீரலை' என்றே எழுதி வைங்க, அதுவும் தரவுதான். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் யார் வேணா எடுத்துக்கலாம்னு போட்டுடுங்க.

கூடவே ஒரு வேண்டுகோள். 'தான்' என்பதைச் சேர்த்து எழுதுங்கய்யா. 'சேகரிடம் தான் சொன்னான்' என்று இடம் விட்டு எழுதினா, அது சேகரிடம்தானா, இல்லை தானே போய்ச் சொன்னானா? மெஷினை விடுங்க, எனக்கே புரியல.

தமிழ் கணினிக்கு ஏத்த மொழியும் இல்லை, ஏக்காத மொழியும் இல்லை. எந்த மொழிக்காரன் உக்காந்து வேலை பாக்கிறானோ அந்த மொழி கணினியில் நிக்கும். கொரியாக்காரன் பாத்தான். நாம பெருமை பேசினோம்.

அடுத்த தடவை அந்த ஃபார்வர்டு வந்தா, அனுப்பினவருக்கு ஒரே ஒரு வரி பதில் போடுங்க: 'குறிச்சுட்டீங்களா?'

பி.கு: என் பழைய பதிவு மூணை இந்த முறையில் குறிச்சு முடிச்சுட்டேன். ரெண்டாவது ஆளாக் குறிச்சுப் பாக்க யார் வர்றீங்க? பின்னூட்டத்தில் கை தூக்கவும். 'அருமை', 'மீ த ஃபர்ஸ்ட்டு' எல்லாம் இந்தப் பதிவுக்கு அனுமதி இல்லை :-)