பல்லுக்குக் காப்பீடு இல்லை

பல்லைப் பற்றி எழுதப் போகிறேன். விடுதலை அரசியல் பேசுகிற பத்திரிகையில் பல்லா என்று சிரிக்கிற தோழர்கள் சிரிக்கலாம். சிரிக்க அவர்களுக்குப் பல் இருக்கிறது.

எங்கம்மா ஒரு முனிசிபாலிட்டியில் முப்பத்தோரு வருஷம் தெருக் கூட்டி, சாக்கடை அள்ளி ரிட்டயர் ஆனவர். ரிட்டயர் ஆன அன்றைக்கு வாயில் மிச்சம் ஒன்பது பல். வேலைக்குப் போன முதல் வாரமே மேஸ்திரி சொல்லிக் கொடுத்த பாடம்: "பொகையில அடக்கிக்க, நாத்தம் தெரியாது." கையுறை தரல, முகமூடி தரல, இந்த யோசனையத்தான் தந்தாங்க. ஊர் நாற்றத்தை முப்பத்தோரு வருஷம் அம்மாவின் ஈறு தாங்கியது. இதை டாக்டர் சீட்டில் 'கெட்ட பழக்கம்' என்று எழுதினார். யாருடைய பழக்கம்? தன் பீயைத் தான் அள்ளாமல் இன்னொரு சாதியை அள்ள வைப்பது யாருடைய பழக்கம்?

2022 ஜூலையில் தொடங்கிய ஓய்வூதியர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு மாசம் 497 ரூபாய் பிடித்தம். வருஷத்துக்கு 5,964. மருத்துவப்படி என்று கைக்கு வந்தது மாசம் 300. நாலு வருஷத்துக்கு அஞ்சு லட்சம் வரை வைத்தியம் என்றார்கள். நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் அந்தக் காசு. அதுவும் பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில். பல்செட் கட்ட யார் போய்ப் படுப்பது? காலிடுக்குப் புண்ணுக்கு, விடாத இருமலுக்கு, மூட்டுவலிக்கு மாசாமாசம் மருந்துக்கடையில் கரைகிற பணம் எந்தக் கணக்கிலும் வராது.

"போராடி வாங்கினது, கொற சொல்லாதீங்க" என்றார் ஒரு சங்கத் தோழர். ஆபீசில் ஃபைல் புரட்டி ஓய்வு பெற்றவர் அவர். அவருக்கும் அம்மாவுக்கும் ஒரே 497. குடிக்கிற டம்ளரில் வராத சமத்துவம் பிரீமியத்தில் வந்துவிட்டது!

காப்பீடு என்பது வரலாம், வராமலும் போகலாம் என்கிற நோய்க்கு. எங்க சனத்துக்கு வந்தே தீரும் என்று தெரிந்துதானே வேலையில் இறக்கிவிட்டீர்கள்? அதைக் கடன் என்று சொல்லுங்கள். நகரம் எங்களுக்குப் பட்ட கடன். கடன்பட்டவன், கொடுத்தவளிடமே மாசம் 497 வசூலிப்பது எந்த ஊர் நியாயம்?

இது என் வாய்வீச்சு அல்ல. 1923ஆம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, தொற்று அபாயம் உள்ள வேலையில் வருகிற தொற்றுநோயைத் தொழில்நோய் என்றே சேர்த்திருந்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். சென்னையில் 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் தனியார்மயத்தை எதிர்த்து 13 நாள் உட்கார்ந்த தூய்மைப் பணியாளர்களை நள்ளிரவில் போலீஸ் தூக்கிப் போட்டது. மறுநாளே அரசு அறிவித்தவற்றில் ஒன்று, நுரையீரல், தோல் என்று தொழில் தருகிற நோய்களுக்குத் தனித் திட்டம். ஆக, நோய் வேலையிலிருந்து வருகிறது என்று அரசே ஒப்புக்கொண்டாச்சு. அப்படியானால் அந்த நோயை உடம்பில் முழுசாக வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டவர்கள்? பிடித்தம் இல்லாமல், படுக்கை நிபந்தனை இல்லாமல், பல், கண், தோல் மூன்றுக்கும் சாகும்வரை வைத்தியம். நாம் கேட்க வேண்டியது இது.

அம்மாவாவது 'ஓய்வூதியர்'. 2000இல் சென்னையில் ஓனிக்ஸ் வந்ததிலிருந்து கம்பெனிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. கம்பெனிக்காகக் கூட்டுகிறவள் ரிட்டயர் ஆவதே இல்லை, நின்றுவிடுகிறாள், அவ்வளவுதான். ஓய்வூதியமும் கிடையாது, 497 பிடிக்க இடமும் கிடையாது. அவளுக்கு ஒரு வழி இருக்கிறது. இ.எஸ்.ஐ.யில் அஞ்சு வருஷத்துக்குக் குறையாமல் இருந்து ஓய்வு வயதில் வெளியே வந்தவர், வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டினால் தனக்கும் துணைக்கும் வைத்தியம் தொடரும். கம்பெனி மாறும்போது எண்ணையும் மாற்றிவிட்டால் இந்த அஞ்சு வருஷத்தை எதைக் காட்டி நிரூபிப்பாள்? எங்க தெருவில் கேட்டேன். 120 ரூபாய்ச் சங்கதி ஒருத்திக்கும் தெரியாது. பாதிப் பேருக்குத் தன் இ.எஸ்.ஐ. எண்ணே தெரியாது. மாணவத் தோழர்களே, கூட்டம் போடுவதற்கு முன்னால் விடியற்காலை அஞ்சு மணிக்கு வருகைப் பதிவு நடக்கிற இடத்துக்குப் போய் அந்த எண்களை எழுதி வாங்குங்கள்.