வயோதிகரும் நடையும்

பென்ஷன் பெற்றவர் சாய்வு நாற்காலியில் சாய்ந்திருப்பதே உசிதமென்று நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். இது பெரும் பிசகு. அமெரிக்காவின் இல்லினாய் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆர்தர் கிராமரும் சகாக்களும், 60 முதல் 75 வயது வரையுள்ள, தேகாப்பியாசமற்ற 124 பேரைச் சோதித்த விவரத்தை 1999-ம் வருஷத்தில் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியிட்டனர். ஒரு சாரார் ஆறு மாதம் நடைப்பயிற்சி செய்தனர். மறு சாரார் கைகால்களை நீட்டி மடக்கும் பயிற்சியோடு நின்றனர். வேலை மாறும்போது மனத்தைத் திருப்புதல், தொடங்கிய செய்கையைச் சட்டென நிறுத்துதல், கவனத்தைக் கலைப்பவற்றை ஒதுக்குதல் ஆகியவற்றில் நடந்தவரே மேம்பட்டனர். புத்தியின் சகல சக்திகளும் வளர்ந்தனவென்று அவர்கள் கூறவில்லை. ஆனால், வீதியைக் கடக்கும் கிழவருக்கு இவையன்றோ பிரதானம்? வைத்தியர் தடுத்தாலன்றி, பெரியவர்களை வீட்டார் உட்கார்த்தி வைப்பதை நாம் ஆதரியோம். அவர்கள் நடப்பதற்கு நடைபாதை எங்கேயென்று நகரசபைகளையும் கேட்கிறோம்.