மரம் நடுவதற்கு ஒரு பட்டமா?

பிளஸ் டூ பரீட்சை முடிந்த வீடுகளில் ஒரே பேச்சுத்தான்: பெண்ணை எதில் சேர்ப்பது? புதுக்கோட்டைத் தாயார் ஒருவர் என்னிடம் அலுத்துக்கொண்டார். "சுற்றுச்சூழல்தான் படிப்பேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். மரம் நடுவதற்கு ஒரு பட்டமா, அம்மா?"

சிரித்துத் தள்ளிவிடாதீர்கள், சகோதரிகளே! புதுக்கோட்டை ஜில்லா, கண்மாயையும் ஊரணியையும் நம்பி வாழ்கிற வறண்ட பூமி. தைலமரக் காடுகள் நிலத்தடி நீரைக் குடித்துவிடுகின்றன என்று அங்கே விவசாயிகள் வெகுகாலமாகக் குறைப்படுகிறார்கள். 2017-ல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து ஊரே திரண்டு உட்கார்ந்தது, பெண்களும் சளைக்கவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போயிற்று. குறை சொல்ல எல்லாருக்கும் தெரியும். கிணற்றில் தண்ணீர் எத்தனை அடி இறங்கிற்று, ஏன் இறங்கிற்று என்று அளந்து சொல்ல ஆள் வேண்டாமா? அந்த ஆள் உங்கள் பெண்ணாக இருக்கட்டுமே!

ஆனால் ஆசை மட்டும் போதாது. எந்தப் பட்டப் படிப்பிலும் சுற்றுச்சூழல் ஒரு பாடமாக வரும். அது வேறு, அதையே பட்டமாகப் படிப்பது வேறு. பட்டமாகச் சொல்லித்தரும் கல்லூரிகள் சிலவே. தூர ஊரில் விடுதிச் செலவு கட்டாதென்றால் கவலை வேண்டாம். உள்ளூரிலேயே தாவரவியலோ, விலங்கியலோ, வேதியியலோ படித்துவிட்டு, மேற்படிப்பில் சுற்றுச்சூழலுக்கு மாறலாம். சேருமுன் இரண்டு கேள்விகளைக் கூச்சப்படாமல் கேளுங்கள். சோதனைக்கூடம் இருக்கிறதா? அரசாங்க உத்தியோகத்துக்கு இந்தப் பட்டம் செல்லுமா? இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் விட்டுப் பின்னால் அல்லாடுகிறவர்கள் உண்டு.

இந்த விடுமுறையிலேயே பெண்ணின் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள். வாரம் ஒரு முறை, அதே கிழமையில், கிணற்றில் கயிறு விட்டுத் தண்ணீரின் ஆழத்தை எழுதட்டும். மழை பெய்த நாளைக் குறிக்கட்டும். ஊரணிக் கரையில் நிற்கும் மரங்களின் பெயர்களைப் பாட்டியிடம் கேட்டு எழுதட்டும். வேதியியலை மட்டும் கைவிட வேண்டாம். தண்ணீரைச் சோதிக்க அதுதான் திறவுகோல்.

அந்தத் தாயாரிடம் ஒன்று கேட்டேன். 1991-ல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தின்போது, ஊர் கேலி செய்தும் கேளாமல் அந்த ஜில்லாப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்களே, நினைவிருக்கிறதா என்று. "நானும் பழகினேனே! தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு போவேன்" என்று சிரித்தார்.

"நீங்கள் தண்ணீர் சுமந்தீர்கள். உங்கள் மகள் அதை அளக்கப் போகிறேன் என்கிறாள். அவ்வளவுதானே?" என்றேன்.